கண் வெட்டும் மகனும் தட்டும் பயிற்சியும்

கேள்வி: களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். மகனுக்குப் பத்து வயது, தரம் 5 படிக்கிறான். ஏழு வயதில் கண்ணை வெட்டி வெட்டி இமைக்கத் தொடங்கினான். கண் கிளினிக்கில் காட்டினோம், கண்ணில் குறையில்லை என்றார்கள். ஒரு வருடம் போக அது குறைந்து, கழுத்தை ஒரு பக்கம் வெட்டி இழுக்கத் தொடங்கினான். இப்போது ஓயாமல் செருமுகிறான். வைத்தியர் இது 'டிக்ஸ்' என்றும் பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. வேண்டுமென்று செய்கிறான் என்று கணவர் ஏசுகிறார். மாமி நாவூறு என்கிறார். மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் என்று ஆசிரியை அவனைப் பின் வாங்கில் இருத்தியிருக்கிறார். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க எல்லாம் கூடுகிறது. கனடாவில் இருக்கும் அக்கா, முகத்திலும் நெஞ்சிலும் விரலால் தட்டும் ஒரு பயிற்சியின் வீடியோ அனுப்பியிருக்கிறார். தினமும் செய்தால் டிக்ஸ் போய்விடும் என்று அதில் சொல்கிறார்கள். செய்யலாமா? கெடுதி ஏதும் வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்யலாம். ஆனால் டிக்ஸைப் போக்குவதற்கென்று செய்யாதீர்கள். பரீட்சை, ஏச்சு, பின் வாங்கு என்று மகனின் மனதில் ஏறிக்கிடக்கும் பாரத்தைக் குறைப்பதற்கென்று செய்யுங்கள். எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் பயிற்சி அவனுக்கு உதவியாக இருக்குமா, இன்னொரு தொல்லையாகப் போகுமா என்பது இருக்கிறது. அதை விளக்குவதற்கு முன் உங்கள் கணவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அடுத்து வரும் மூன்று பந்திகளையும் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

மகன் வேண்டுமென்று செய்யவில்லை. நாம் கையைத் தூக்கினாலும் தலையைத் திருப்பினாலும், தேவையான அசைவை மட்டும் விட்டுத் தேவையில்லாதவற்றை நிறுத்திவைக்கும் வேலையை மூளையின் ஆழத்தில் உள்ள சில பகுதிகள் செய்கின்றன. அந்தப் பகுதிகளுக்கும் மூளையின் மேற்புறத்துக்கும் இடையே ஓடும் நரம்புச் சுற்றுகள் சில பிள்ளைகளில் கொஞ்சம் வேறு விதமாக வேலை செய்கின்றன. அதனால் நிறுத்தப்பட வேண்டிய ஒரு சிறு அசைவோ ஒரு சத்தமோ வெளியே வந்துவிடுகிறது. 1885ஆம் ஆண்டு ஜில் த லா தூரெத் என்ற பிரெஞ்சு வைத்தியர் இப்படியான ஒன்பது பேரைப் பற்றி எழுதினார். அசைவு டிக்ஸ் பலவும் சத்த டிக் ஒன்றாவதும் இருந்து, ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியர்கள் இன்றும் அவருடைய பெயரைத்தான் சொல்வார்கள். உங்கள் மகனுக்குக் கண், கழுத்து, செருமல் மூன்றும் வந்திருக்கின்றன, மூன்று வருடமும் ஆகிவிட்டது. ஆகவே அடுத்த முறை வைத்தியர் 'தூரெத்' என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். புதிதாக எதுவும் வந்துவிடவில்லை, இருப்பதற்கு ஒரு பெயர் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கெட்ட வார்த்தை பேசும் வருத்தம் என்று இதைப் பற்றி வீடியோக்களில் காட்டுவார்கள். அது பத்துப் பேரில் ஒருவர் அளவில்தான் வருகிறது.

கழுத்தை வெட்டுவதற்குச் சற்று முன் அந்த இடத்தில் ஓர் இறுக்கமோ அரிப்புப் போன்ற உணர்வோ வரும், வெட்டினால்தான் அது தீரும் என்று இந்த வயதுப் பிள்ளைகள் பலர் சொல்வார்கள். தும்மல் வருவதற்கு முன் மூக்குக்குள் வரும் உணர்வை நினைத்துப் பாருங்கள். தும்மலைக் கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனால் அடக்கிக்கொண்டே கணக்குச் செய்ய முடியாது. டிக்ஸும் அப்படித்தான். கொஞ்ச நேரம் அடக்க முடிகிறது என்பதே பிள்ளைக்கு வினையாகிவிடுகிறது. "பெரியப்பா வீட்டில் ஒரு மணித்தியாலம் ஒழுங்காக இருந்தானே, இங்கே வந்து மட்டும் ஏன்?" என்று அப்பாமார் கேட்பார்கள். அங்கே முழுப் பலத்தையும் போட்டு அடக்கியிருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் விட்டுவிடுகிறான், ஏனென்றால் அது அவன் வீடு.

இன்னொன்று. டிக்ஸ் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தொடங்கும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் உச்சத்துக்குப் போகும். பதின்ம வயது முடியும்போது அனேகமானோருக்கு நன்றாகக் குறைந்துவிடும், சிலருக்கு இல்லாமலே போய்விடும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். இப்போது பாருங்கள், டிக்ஸ் இயல்பாகவே உச்சத்துக்குப் போகும் வயதும் நம் நாட்டில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வயதும் ஒன்றாக வருகின்றன. வருடத்தின் இந்தக் காலத்தில் மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை தாய்மார் ஒரே முறைப்பாட்டோடு வருவதற்கு இது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மன அழுத்தம் டிக்ஸை உண்டாக்குவதில்லை. ஏற்கனவே இருப்பதைக் கூட்டிவிடும். நித்திரைக் குறைவும் கூட்டும், காய்ச்சலும் கூட்டும். திருவிழா, பிறந்த நாள் போன்ற சந்தோசப் பரபரப்புகூடக் கூட்டும்.

மாமியோடு சண்டை பிடிக்க வேண்டாம். செத்தல் மிளகாய் சுற்றிப் போடுவதாலோ கோயிலில் நூல் கட்டுவதாலோ பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பாட்டி தன்மேல் அன்பாக இருக்கிறா என்பதும் அவனுக்குத் தெரியும். ஆனால் "உன்னில் ஏதோ பிடித்திருக்கிறது" என்று அவன் காதுபடச் சொல்லக் கூடாது. அந்த ஒரு வாக்கியம் பல வருடங்களுக்கு ஒரு பிள்ளையின் மனதில் கிடக்கும்.

சரி, அக்கா அனுப்பிய பயிற்சிக்கு வருகிறேன்.

1980களில் ரொஜர் கலஹன் என்ற அமெரிக்க உளவியலாளர், பயத்தோடு இருப்பவர்களின் உடலில் சில இடங்களில் விரலால் தட்டும் முறை ஒன்றை உருவாக்கினார். அவரிடம் கற்ற கரி கிரெய்க் என்பவர் 1990களில் அதை எல்லாரும் தாமே செய்யக்கூடியதாக எளிமையாக்கினார். அதைத்தான் 'ஈ.எப்.ரி.' (Emotional Freedom Techniques, உணர்ச்சி விடுதலை முறை) என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தட்டும் இடங்கள் சீன அக்குபங்சர் முறையிலிருந்து எடுக்கப்பட்டவை. அந்த இடங்களில் தட்டும்போது உடலில் ஓடும் ஒரு சக்தியின் அடைப்பு நீங்குகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. கனடாவில் நடத்தி 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஏதாவது ஒரு பயம் உள்ள பல்கலைக்கழக மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு சொல்லப்பட்ட இடங்களில் தட்டியது. இன்னொன்று உடலில் வேறு இடங்களில் தட்டியது. மூன்றாவது குழு ஒரு பொம்மையில் தட்டியது. நான்காவது தட்டவே இல்லை. தட்டிய மூன்று குழுவுக்கும் பயம் குறைந்தது, பொம்மையில் தட்டியவர்களுக்கும்தான். தட்டாதவர்களுக்குக் குறையவில்லை.

இந்த ஆய்வைச் சொல்லித் தட்டுவது வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. இடம் முக்கியமில்லை, சக்தி ஓட்டம் முக்கியமில்லை. ஆனால் ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது. மனதில் இருக்கும் பயத்தை வாய்விட்டுச் சொல்வது, அதைச் சொல்லிக்கொண்டே கையால் ஒரே தாளத்தில் ஒன்றைச் செய்வது, அப்போது மூச்சு மெதுவாவது, கவனம் உடலுக்குத் திரும்புவது ஆகியவை ஒரு மனிதரை அமைதிப்படுத்தக் கூடியவை. பிள்ளை என்றால் இன்னொன்றும் சேர்கிறது. அந்த ஐந்து நிமிடம் அம்மா வேறு வேலை எதுவும் பார்க்காமல் அவனோடு மட்டும் இருக்கிறா. நம் வீடுகளில் பின்னேரம் டியூஷன், வீட்டுப் பாடம், மாதிரி வினாத்தாள் என்று போகும்போது பிள்ளைக்கு மிகக் குறைவாகக் கிடைப்பது அதுதான்.

ஆனால் டிக்ஸை இது போக்கும் என்று வீடியோவில் சொல்வதை நம்பாதீர்கள். அமெரிக்க நரம்பியல் கழகம் 2019இல் டிக்ஸுக்கான சிகிச்சை வழிகாட்டியை வெளியிட்டது. அதில் முதலில் பரிந்துரைப்பது வேறொரு பயிற்சியை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். இந்த வீடியோக்களில் வழமையாகச் சொல்லிக்கொடுக்கும் வாசகம் 'எனக்கு இன்ன பிரச்சினை இருந்தாலும் நான் என்னை ஏற்றுக்கொள்கிறேன்' என்று போகும். உங்கள் மகன் தட்டும்போது "எனக்குக் கழுத்து வெட்டினாலும், நான் செருமினாலும்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வரும். டிக்ஸைப் பற்றிப் பேசினாலே டிக்ஸ் கூடும் என்பது இந்தத் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். செருமலைப் பற்றி ஒரு கதை எடுத்தால் செருமல் வரும். ஒரு நாளைக்கு மூன்று தரம் அதையே சொல்லவைத்தால் என்ன ஆகும்? பிறகு நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், குறைந்ததா இல்லையா என்று. டிக்ஸ் தானாகவே சில கிழமை கூடும், சில கிழமை குறையும், அது அதன் சுபாவம். கூடும் கிழமை வந்ததும், "ஒழுங்காகத் தட்டினாயா?" என்று கேட்கத் தோன்றும். ஏற்கனவே பாடசாலையில் ஒரு பரீட்சை, டியூஷனில் ஒரு பரீட்சை. அம்மாவோடு இருக்கும் ஐந்து நிமிடமும் மூன்றாவது பரீட்சையாகிவிடும், அதில் அவன் தோற்றுக்கொண்டே இருப்பான். ஆகவே தட்டும்போது டிக்ஸ் என்ற பேச்சே வரக் கூடாது. இதை மட்டும் எனக்காகக் கடைப்பிடியுங்கள்.

செய்யும் விதத்தைச் சொல்கிறேன். பாடசாலை விட்டு வந்து, சாப்பிட்டு, உடுப்பு மாற்றிக் கொஞ்சம் ஆறின பிறகு ஓர் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அல்லது இரவு படுக்க முன். டியூஷனுக்கு ஓடும் அவசரத்தில் வேண்டாம். விருந்தாளிகள் முன் "அம்மாவுக்குத் தட்டிக் காட்டு" என்று ஒருபோதும் வேண்டாம். பக்கத்தில் பக்கத்தில் இருங்கள், எதிரெதிரே இருக்காதீர்கள். எதிரே இருந்தால் உங்கள் கண் அவன் முகத்துக்குப் போகும். டிக்ஸ் உள்ள பிள்ளைக்குத் தன் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதே பாரம்.

"இன்றைக்கு எது மனதில் கிடக்குது?" என்று கேளுங்கள். "கணக்கில் புள்ளி குறைஞ்சிட்டு" என்பான், "பின்னுக்கு இருந்தா போர்ட் தெரியல்ல" என்பான், "அப்பா ஏசுவார்" என்பான். எதுவானாலும் திருத்தப் போகாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள். "ஒண்டுமில்ல" என்றால் அதுவும் சரி, சும்மா தட்டலாம். அந்தக் கவலை எவ்வளவு பெரிது என்று 0 முதல் 10 வரை புள்ளி போடச் சொல்லி வீடியோவில் கேட்பார்கள். இந்தப் பிள்ளைக்குப் புள்ளி போதும் போதும் என்றாகிவிட்டது. இரண்டு கையையும் விரித்து இவ்வளவு என்று காட்டச் சொல்லுங்கள்.

பிறகு சுட்டு விரலையும் நடு விரலையும் சேர்த்து, மற்றக் கையின் ஓரத்தில், சுண்டு விரலுக்குக் கீழே உள்ள சதைப் பகுதியில் மெதுவாகத் தட்டட்டும். அப்புறம் கழுத்தடியில் உள்ள காறை எலும்புக்குக் கீழே. அப்புறம் அக்குளுக்கு நாலு விரல் கீழே, விலாவில். கடைசியாக உச்சந்தலை. வீடியோவில் புருவம், கண்ணோரம், கண்ணுக்குக் கீழ், மூக்குக்குக் கீழ், நாடி ஆகியவையும் வரும். உங்கள் மகனுக்கு அவற்றை விட்டுவிடுங்கள். அவனுடைய டிக்ஸ் குடியிருப்பது முகத்திலும் கழுத்திலும். அங்கே தொட்டுத் தட்டினால் அந்த முன்னுணர்வு எழும்பக்கூடும். இடம் முக்கியமில்லை என்று பார்த்தோம் அல்லவா, அதனால் விடுவதால் நட்டம் இல்லை. தட்டும்போது அவன் சொல்லிய கவலையை அவன் பேச்சிலேயே சொல்லட்டும்: "புள்ளி குறைஞ்சது எனக்குக் கவலையா இருக்கு. அம்மா பக்கத்தில இருக்கிறா. இப்ப நான் மூச்சு விடுறன்." இவ்வளவு போதும். 'நான் என்னை ஆழமாக ஏற்றுக்கொள்கிறேன்' என்று பத்து வயதுப் பிள்ளையைச் சொல்லவைத்தால் அது நாடக வசனம் மாதிரித்தான் இருக்கும். நீங்களும் உங்கள் உடலில் அதேபோல் தட்டுங்கள். இடையில் அவன் கழுத்தை வெட்டினால் நீங்கள் பார்க்கவில்லை, கேட்கவில்லை. தட்டிக்கொண்டே போங்கள்.

எத்தனை தரம் தட்ட வேண்டும் என்று எண்ணிக்கை வைக்காதீர்கள். டிக்ஸ் உள்ள பிள்ளைகள் பலருக்கு, ஒரு விஷயத்தை 'சரியாக வரும் வரை' திரும்பச் செய்யும் உந்துதலும் சேர்ந்து இருக்கும். இடப் பக்கம் ஏழு தரம் தட்டினால் வலப் பக்கமும் ஏழு தட்ட வேண்டும், பிழைத்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும் என்று போகும். அப்படி ஏதும் கண்டால், தட்டாவிட்டால் கெட்டது நடக்கும் என்று அவன் சொன்னால், உடனே நிறுத்திவிட்டு வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். எண்ணச் சுழற்சி வருத்தத்தின் அடையாளமாக அது இருக்கலாம், அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. தட்டும்போது ஏதாவது பெரிய பயம் வெளிவந்து, யாராவது அடித்ததோ வேறு ஏதும் நடந்ததோ சொல்லி அழுதாலும் நிறுத்துங்கள். அணைத்துக்கொள்ளுங்கள், நம்புங்கள், பிறகு பயிற்சி பெற்ற ஒருவரிடம் கூட்டிப் போங்கள்.

இதைவிட எளிதான ஒன்றும் இருக்கிறது. 1997இல் மெக்சிக்கோவின் அகபுல்கோ பகுதியைப் புயல் தாக்கியபின், அங்கே தப்பிய பிள்ளைகளோடு வேலை செய்த லூசினா ஆர்த்திகாஸ் உருவாக்கிய 'வண்ணத்துப்பூச்சி அணைப்பு'. இரண்டு கையையும் நெஞ்சின் மேல் குறுக்கே வைத்து, விரல் நுனிகள் காறை எலும்புக்குக் கீழே படும்படி வைத்துக்கொண்டு, இடம் வலம் என்று மாறி மாறி மெதுவாகத் தட்டுவது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூச்சைக் கவனிப்பது. பேச்சு எதுவும் தேவையில்லை. பேசப் பிடிக்காத பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் முதலில் காட்டுவேன். வகுப்பறையில் என்றால் இதுகூட வேண்டாம். மேசைக்குக் கீழே பெருவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெதுவாகத் தொட்டால் போதும், யாருக்கும் தெரியாது. பரீட்சை மண்டபத்திலும் செய்யலாம்.

அவனுக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். சைக்கிள் ஓடுவது, கிரிக்கெட், கடற்கரையில் ஓடுவது எல்லாம் பதற்றத்தைக் குறைக்கும். அவனுக்குப் பிடித்த ஒன்றில் மூழ்கும்போது டிக்ஸ் அடங்கியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பரீட்சை வருகிறது என்று விளையாட்டை நிறுத்தியிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். இரவு பத்து மணி வரை வினாத்தாள் செய்வதையும், அதற்காகக் கொடுக்கும் சாயம் கூடின தேத்தண்ணியையும் நிறுத்துங்கள். நித்திரைதான் இப்போது அவனுக்கு வேண்டியது.

உங்கள் கடிதத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி இல்லை. இரவில் மகன் நித்திரையான பிறகு நீங்கள் தனியே இருந்து இந்தப் பயிற்சியைச் செய்து பாருங்கள். கணவருக்கும் மாமிக்கும் ஆசிரியைக்கும் இடையில் நிற்கும் தாய்க்கு அது மகனைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

பாடசாலையைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லப் போகிறேன். ஒரு பிள்ளையை நரம்பு சம்பந்தமான காரணத்துக்காகப் பின் வாங்கில் இருத்துவது தண்டனை. அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டில் என்ன தட்டினாலும் பாரம் குறையாது. ஆசிரியை கெட்டவர் என்று சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகளோடு, பெறுபேறு கேட்டு நிற்கும் பெற்றோருக்கு நடுவில் அவரும் அழுத்தத்தில்தான் இருப்பார். பாடசாலை முடிந்த நேரத்தில் தனியே போய்ப் பேசுங்கள், கணவரும் வந்தால் நல்லது. வைத்தியரிடம் ஒரு சிறு கடிதம் வாங்கிப் போங்கள். மூன்று விஷயம் கேளுங்கள்: அசைவையும் செருமலையும் கவனிக்காததுபோல் இருப்பது, இருக்கை பக்கவாட்டில், கதவுக்குக் கிட்ட, கரும்பலகை தெரியும் இடத்தில், அடக்க முடியாமல் வரும்போது தண்ணீர் குடிக்க என்று ஐந்து நிமிடம் வெளியே போய் வர அனுமதி. மற்றப் பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு ஒரு பதிலும் மகனிடம் இருக்கட்டும். "இது எனக்கு டிக்ஸ். தும்மல் மாதிரித் தானா வரும். தொத்தாது." சொல்லிப் பழகியிருந்தால் கேலி பாதி குறையும். புலமைப்பரிசில் பரீட்சைக்கு விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஏற்பாடுகளைக் கேட்டு விண்ணப்பிக்கலாம். நேரத்தோடு அதிபரிடம் பேசுங்கள், பரீட்சைக் கிழமையில் போய்க் கேட்டால் நடக்காது. அந்தப் பரீட்சையைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் கேட்டால், வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுக்காவிட்டாலும் உங்கள் மகன் அடுத்த வருடம் தரம் 6இல் படிக்கத்தான் போகிறான். இதைக் கணவர் தன் வாயால் மகனிடம் சொன்னால், நான் மேலே எழுதிய எல்லாப் பயிற்சியையும்விட அது பெரிய மருந்து.

இனி, டிக்ஸுக்கென்றே உள்ள பயிற்சி. 1973இல் அஸ்ரின், நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய பழக்க மாற்றுப் பயிற்சிதான் இதன் அடிப்படை. கழுத்து வெட்டப் போகிறது என்ற அந்த முன்னுணர்வைப் பிள்ளை அடையாளம் காணப் பழகுவான். உணர்வு வந்ததும், வெட்டும் அசைவோடு சேர்ந்து நடக்க முடியாத வேறொன்றைச் செய்வான். நாடியை மெல்லக் கீழே இறக்கிக் கழுத்துத் தசையை லேசாக இறுக்கி, நேரே பார்த்தபடி உணர்வு போகும் வரை ஒரு நிமிடமளவு இருப்பது ஓர் உதாரணம். செருமலுக்கு வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது. இதோடு, டிக்ஸைக் கூட்டும் சூழ்நிலைகளை வீட்டிலும் பாடசாலையிலும் மாற்றுவதையும் சேர்த்து ஒரு முழுச் சிகிச்சையாகச் செய்கிறார்கள். 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 9 முதல் 17 வயது வரையான 126 பிள்ளைகள் பங்கெடுத்தார்கள். பத்துக் கிழமையில் எட்டு அமர்வுகள். இந்தப் பயிற்சி பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேலானோர் தெளிவாக முன்னேறினார்கள். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவானோரே முன்னேறினார்கள். இதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள் என்று மேலே சொன்னேன். ஆனால் வீட்டில் நீங்களாகத் தொடங்க வேண்டாம். பழகியவர் ஒருவர் தொடங்கிக் கொடுக்க வேண்டும், பிள்ளைக்கும் விருப்பம் இருக்க வேண்டும். 'நாடியை இறக்கு, நாடியை இறக்கு' என்று வீட்டில் எல்லாரும் கத்தத் தொடங்கினால் அது ஏச்சின் இன்னொரு வடிவம்.

மருந்தும் உண்டு. டிக்ஸ் வலியை உண்டாக்கினாலோ, படிப்பையும் நட்பையும் கெடுத்தாலோ வைத்தியர் அதை யோசிப்பார். எல்லாருக்கும் தேவைப்படாது. ஏற்கனவே ஏதாவது மருந்து கொடுத்திருந்தால், தட்டும் பயிற்சி தொடங்கினோம் என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் தட்டுவதை யோசிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தொண்டை நோவு, காய்ச்சல் வந்து சில கிழமை அல்லது சில மாதம் கழித்துத் திடீரென்று கை கால்கள் ஒழுங்கில்லாமல் ஆடுவது, பிடித்த பொருள் கையிலிருந்து விழுவது, கையெழுத்துக் கெட்டுப்போவது, காரணமில்லாமல் அழுவது ஆகியவை வாதக் காய்ச்சலோடு வரும் வேறொரு வருத்தத்தின் அடையாளமாக இருக்கலாம். அது இதயத்தையும் பாதிக்கும். சில விநாடிகள் கூப்பிட்டாலும் கேட்காமல் வெறித்துப் பார்ப்பது, நினைவு தப்புவது, விழுவது என்றால் வலிப்பா என்று பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு நீங்கள் எழுதியது அப்படி இல்லை. மூன்று வருடமாக இடம் மாறி மாறி, கூடிக் குறைந்து வருவது டிக்ஸின் வழமையான போக்கு. ஆனாலும் நீங்கள் கடைசியாக வைத்தியரைப் பார்த்த பிறகு செருமல் புதிதாக வந்திருந்தால் இன்னொரு தரம் காட்டுங்கள்.

களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் சிறுவர் நல வைத்தியரைச் சந்தித்து, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். போகும்போது போனில் ஒரு சிறு வீடியோ கொண்டு போங்கள். வைத்தியருக்கு முன்னால் பிள்ளைகள் அடக்கிக்கொள்வார்கள், ஒன்றும் தெரியாது. ஆனால் எடுப்பதற்கு முன் மகனிடம் கேளுங்கள், யாருக்குக் காட்டப் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள், காட்டிய பின் அழித்துவிடுங்கள். டிக்ஸ் எப்போது தொடங்கியது, எது வந்து எது போனது, வீட்டில் வேறு யாருக்காவது சிறு வயதில் இருந்ததா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் நல்லது. கணவரின் தாயாரிடம் கேட்டுப் பாருங்கள், இது குடும்பங்களில் ஓடுவது. சில வீடுகளில் ஏசிக்கொண்டிருக்கும் அப்பாவே சின்ன வயதில் கண் வெட்டியவராக இருப்பார். நேரில் போக முடியாத நாளில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் தேசிய உளநல உதவி இலக்கம் 1926.

முதலில் ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். தட்டும் பயிற்சியை ஒரு மாதமளவு மேலே சொன்னபடி செய்து பாருங்கள். அது நன்றாகப் போகிறதா என்று பார்க்கச் செருமலை எண்ண வேண்டாம். இரவு படுத்தவுடன் நித்திரை வருகிறதா, காலையில் பாடசாலைக்குப் போகமாட்டேன் என்று அழுவது குறைந்திருக்கிறதா, உங்களோடு கொஞ்சம் கூடுதலாகப் பேசுகிறானா என்று பாருங்கள். அந்த மாதம் முடிய எனக்கு எழுதுங்கள்.